வண்டி நம்பரும் பாட்டு நம்பரும்

வா மாப்ளே, உக்காரு. வண்டி வேப்பமரத்தடியிலேயே நிக்கட்டும், எங்கயும் ஓடிப்போகாது. ஓடுமாங்கிறதுதானே இப்ப சந்தேகமே.

நீ வாசல்ல வந்து ஹாரன் அடிச்சப்பவே தெரிஞ்சுபோச்சு, ஏதோ தரிசனம் கிடைச்சிருக்குன்னு. கையில சாவி, கண்ணுல தண்ணி. "மாமா, ஆண்டவர் காட்டிட்டாரு"ன்னு சொல்லிக்கிட்டே வந்த. என்னத்தைக் காட்டினாருன்னு எட்டிப் பாத்தா, ஓடித் தேஞ்ச ஒரு சின்ன யானை லோடு வண்டியைக் காட்டுற. சரி, பிலேயாம்கிட்டக் கழுதை வழியாப் பேசினவரு, உங்கிட்ட யானை வழியாப் பேசக்கூடாதா என்ன?

நீ சொன்னதைத் திரும்பச் சொல்றேன், சரியான்னு பாரு. வண்டி நம்பர் 268. உங்கப்பன் அடக்கத்துல பாடுன பாட்டு 268. விக்கிறவனுக்கு உங்கப்பன் பேரு. விலை பேசப் போன அன்னிக்குக் காலண்டர்த் தாளைக் கிழிச்சா, பயப்படாதேன்னு வசனம். மூணும் சேந்து வருமா மாமான்னு கேக்குற. வரும் மாப்ளே. மூணு என்ன, தேடுனா முப்பது வரும்.

உங்கப்பன் பேரையே எடுத்துக்க. போன அசனத்துல பந்தியில நின்னு அந்தப் பேரைச் சொல்லி ஒரு சத்தம் குடுத்தேன். நாலு பேரு இலையை விட்டு எந்திரிச்சாங்க. நம்ம சேகரத்துல அந்தப் பேரு இல்லாத ஒரு ஆள் வண்டி வித்திருந்தாத்தான் அதிசயம். நம்பரு 268 இல்லாம உன் பிறந்த தேதியா இருந்திருந்தாலும் அழுதிருப்ப. கல்யாணத் தேதியா இருந்தாலும் அழுதிருப்ப. ஒண்ணுமே பொருந்தாத நம்பரோட எத்தனை வண்டி பாத்த? பதினஞ்சா? அதையெல்லாம் சாட்சியில சொல்லுவியா? சொல்லமாட்ட. வசனத்துக்கு வருவோம். காலண்டர் போடுறவனுக்கு வருஷத்துக்கு 365 வசனம் வேணும். பயப்படாதேன்னு வேதத்துல எத்தனை இடத்துல வருது? அவனும் அங்கதான போய்க் கையை விடுவான்.

எனக்கு எப்படித் தெரியும்னு பாக்காத. முப்பத்திரண்டு வருஷம் அச்சாபீஸ்ல கட்டிங் மிஷின்ல நின்னவன் நான். ஆடிப்பெருக்கு அன்னிக்கு நம்ம சிவகாசியில அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பத்தைப் பூசை போட்டு வெளியே விடுவாங்க. அதுலயிருந்து மார்கழி வரைக்கும் எங்களுக்கு ராத்தூக்கம் கிடையாது. காலையில ராகு காலம், எமகண்டம், சூலம், பல்லி விழும் பலன். சாயங்காலம் அதே மிஷின்ல, அதே மையில, புது வருஷ ஆராதனைக்கு வாக்குத்தத்த அட்டை. காலையில வெட்டினதைப் பாத்துச் சிரிக்கிற நம்ம ஆளுக, சாயங்காலம் வெட்டினதை மடியில கட்டிக்கிட்டுப் போவாங்க. வேதப்புஸ்தகத்தைக் கண்ணை மூடித் திறந்து, விரலை வச்சு, அதுதான் எனக்குச் சொன்ன வார்த்தைன்னு புறப்படுற ஆளுங்களும் நம்ம கோயில்ல உண்டு. பல்லி நம்ம தோள்ல விழுது, விரலு வசனத்து மேல விழுது. எனக்கு வேற வித்தியாசம் தெரியல.

என் பேத்தி காலேஜ்ல கணக்குப் படிக்கிறா. அவ ஒரு கணக்கு சொன்னா பாரு, எனக்குத் தலை சுத்திப்போச்சு. ஒரு அறையில 23 பேரு இருந்தாப் போதுமாம். அதுல ரெண்டு பேருக்கு ஒரே பிறந்த நாள் வர்றதுக்குப் பாதிக்கு மேல வாய்ப்பு இருக்காம். வெறும் 23 பேரு! எப்படின்னேன். 23 பேரை ஜோடி ஜோடியாச் சேத்தா 253 ஜோடி வருது தாத்தா, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு வாய்ப்புன்னா. நம்ம கோயில் பாடகர் குழுவே அவ்வளவு இருக்கும். யாருக்காவது பொருந்தத்தான் செய்யும். பொருந்தினது உனக்குன்னா உனக்கு அற்புதம்.

விருதுநகர்ல பெரியவங்க இன்னைக்கும் சொல்லுவாங்க: காமராஜர் 1975 அக்டோபர் 2ஆம் தேதி, காந்தி பிறந்த நாளாப் பாத்துக் கண்ணை மூடினாருன்னு. உண்மைதான். ஒரு நாள்ல சாகணும்னா அது யாராவது ஒருத்தர் பிறந்த நாளாத்தான் இருக்கும்னு பேத்தி சொல்றா. அதுவும் உண்மைதான். ஆனா அன்னிக்குக் காந்தி படத்துக்கு மாலை போட்ட கையோட, இந்தச் சேதியக் கேட்டவனுக்கு அது வெறும் தேதி இல்ல. காந்தி சொன்னபடி கதர் கட்டி, ஜெயிலுக்குப் போயி, சொத்துன்னு ஒண்ணும் சேக்காமப் போன மனுசன்னு அந்தத் தேதி ஞாபகப்படுத்துது பாரு, அது எனக்குப் பிடிக்கும். அந்த நாள் நல்ல நாளா கெட்ட நாளான்னு எவனாவது பஞ்சாங்கத்தைப் புரட்டினா, அங்கதான் எனக்குச் சிரிப்பு வரும்.

அடையாளம் பாக்குறவன் எவ்வளவு வேகமாத் தோசையைத் திருப்பிப் போடுவான்னு தெரியணும்னா பவுலைப் பாரு. கப்பல் உடைஞ்சு மெலித்தா தீவுல கரையேறி, விறகைத் தூக்கித் தீயில போடுறாரு, விரியன் கையைக் கவ்விருச்சு. ஊர்க்காரன் உடனே தீர்ப்புச் சொல்லிட்டான், இவன் கொலைகாரன், கடல் விட்டாலும் பழி விடலன்னு. கொஞ்ச நேரம் பாத்தான். வீங்கல, விழல. அப்ப இவன் சாமிடான்னுட்டான். பாம்பு ஒண்ணுதான், ஆளும் ஒண்ணுதான். பவுலு ரெண்டுக்கும் மண்டையை ஆட்டாம, அந்த ஊர்ல சீக்கா கிடந்தவங்களைப் பாக்கப் போயிட்டாரு.

சிரிக்கிறியா? சிரி. அடுத்தது சிரிக்கிற விஷயம் இல்ல.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிச்சது. உனக்கும் ஞாபகம் இருக்கும். ஏறக்குறைய நாப்பது உயிரு. வேலை பாத்தவங்க மட்டுமில்ல, புகையைப் பாத்து உதவிக்குன்னும் வேடிக்கைக்குன்னும் அக்கம்பக்கத்து ஊர்கள்லயிருந்து ஓடி வந்தவங்களும் அதுல போயிட்டாங்க. நம்ம பக்கம் அது ஒண்ணு மட்டுமா? வருஷம் தவறாம ஒரு சங்கு. ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் ஒரு சாட்சி வரும், கவனிச்சிருக்கியா? "அன்னிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல், நான் வேலைக்குப் போகல, ஆண்டவர் என்னை மட்டும் காத்தாரு." அல்லேலூயான்னு ஒரு சத்தம். அப்படி ஒரு சாட்சியை நான் பின்பெஞ்சுல இருந்து கேட்டேன். முன்பெஞ்சுல வெள்ளைச் சேலையில ஒரு பொண்ணு உக்காந்திருந்தா. அவ புருஷனும் அதே ஷெட்டுதான். அவ பிள்ளைக்கு அன்னிக்குக் காய்ச்சல் வரல. அவளும் கைதட்டினா மாப்ளே. அந்தக் கையைப் பாத்த பிறகு இந்த மாதிரிச் சாட்சிக்கு நான் வாயைத் திறந்ததில்ல.

பிழைச்சவன் நன்றி சொல்லக்கூடாதுன்னு சொல்லல. சொல்லட்டும், முழங்கால்ல நின்னு சொல்லட்டும். என்னை "மட்டும்"னு சேக்குறான் பாரு, அந்த ஒரு சொல்லு செத்தவங்க கணக்குல எதையோ எழுதுது. இயேசுகிட்டயே இந்தக் கேள்வி போச்சு. சீலோவாம்ல கோபுரம் இடிஞ்சு 18 பேரு செத்தாங்க. அவங்க ஊர்ல எல்லாரையும் விடப் பெரிய பாவியான்னு அவரே எடுத்துப் போட்டு, இல்லைன்னு ஒரே வெட்டா வெட்டிட்டாரு. கோபுரம் இடிஞ்சதை வச்சு செத்தவனைப் படிக்காத, நீ மனம் திரும்புன்னு கேக்குறவன் பக்கமே திருப்பி விட்டாரு. நமக்கு அந்தப் பக்கம் கிழிஞ்சு போச்சு போல.

பட்டாசு ஷெட்டுல வேலை பாக்குற பொம்பளைங்களைக் கேளு. மருந்து அறைக்குள்ள நுழையுறதுக்கு முந்தி வாசல்ல பதிச்சிருக்கிற செப்புத் தகட்டைக் கையால தொடணும். பாக்குறவனுக்குச் சாமி கும்பிட்டுப் போற மாதிரித் தெரியும். அது உடம்புல ஏறியிருக்கிற மின்சாரத்தைத் தரையில இறக்குற வேலை. நைலான் சேலை ஆகாது, பருத்திதான். இரும்புக் கரண்டி ஆகாது. ஒரு அறைக்கு இத்தனை பேருதான்னு கணக்கு. அதே வாசல் நிலைக்கு மேல பாரு, எலுமிச்சையும் மிளகாயும் தொங்கும். நம்ம ஆளு முதலாளின்னா எலுமிச்சைக்குப் பதிலா வசனம் தொங்கும். தகட்டைத் தொடாம, நாலு பேரு இருக்க வேண்டிய இடத்துல பத்துப் பேரை அடைச்சுட்டு, வசனத்தைத் தொங்கவிட்டா அதுவும் எலுமிச்சைதான். உராய்வுக்கு வசனம் படிக்கத் தெரியாது. அந்தச் செப்புத் தகட்டைத் தொடுற கைதான் எனக்கு ஜெபம் மாதிரித் தெரியுது, கூட நிக்கிறவ உசுரையும் நினைச்சுத்தான தொடுறா.

"அப்ப எதுலயுமே அர்த்தம் இல்லையா மாமா?" இதைக் கேப்பன்னு தெரியும். மூஞ்சி தொங்கிப்போச்சே!

இருக்குடா. தற்செயல்னு ஒரு சொல்லு இருக்கே, அதை வேதத்துல தேடிப் பாத்திருக்கியா? நம்ம பழைய தமிழ் வேதாகமத்துல ரூத் கதையில இருக்கு. தற்செயலா அவ கதிர் பொறுக்கப் போன வயலு போவாசோட வயலு. எல்லாரும் அந்தத் தற்செயலைப் பிடிச்சுக்கிட்டுப் பிரசங்கம் பண்ணுவாங்க. நான் கரிசக்காட்டுக்காரன், எனக்கு வேற ஒண்ணு கண்ணுல படும். அந்த ஆளு ஓரத்துக் கதிரை அறுக்காம, சிந்தினதைப் பொறுக்காம, ஏழைக்குன்னு விட்டிருக்கான். அவன் வழிச்சு அறுத்திருந்தா ரூத்து எந்த வயலுக்குப் போயி என்ன? தற்செயலு அவளைக் கூட்டிட்டு வந்து விடத்தான் செய்யும். கஞ்சி ஊத்துறதுக்கு ஒரு ஆளு வேணும்ல.

இன்னொரு இடம், இயேசு வாயாலயே சொன்னது. கள்ளர் கையில அடிபட்டு ஒருத்தன் ரோட்டுல கிடக்கான். தற்செயலா ஒரு ஆசாரியன் அந்த வழியா வாறான். தற்செயலாய்னு எழுத்துக்கு எழுத்து இருக்கு, எடுத்துப் பாரு. அந்த ஆசாரியன் நம்ம ஆளா இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பான்? வழியில பொணம் மாதிரி ஒண்ணு எதிர்ப்பட்டுதே, பயணத்துக்கு என்ன சகுனமோன்னு யோசிச்சிருப்பான். அவனும் கிட்டத்தட்ட அதைத்தான் பண்ணினான், ஒதுங்கிப் போயிட்டான். சமாரியனுக்கு மட்டும் அது வேலையாத் தெரிஞ்சுது. எண்ணெய், திராட்சரசம், கழுதை, சத்திரத்துக்குக் காசு. ஆண்டவர் இதுல எனக்கு என்ன தாறாருன்னு அவன் கேக்கல. மடியில இருந்ததை அவுத்தான்.

டோனாவூர்ல ஊழியம் செஞ்ச அம்மா இருந்தாங்கல்ல, எமி கார்மைக்கேல். 1931 அக்டோபர் 24, காலையில ஜெபம் பண்ணியிருக்காங்க, உமக்கு இன்னும் நல்லா ஊழியம் செய்ய என்னை என்ன வேணும்னாலும் செய்யும்னு. அன்னிக்குச் சாயங்காலம் களக்காட்டுல ஒரு வீட்டைப் பாக்கப் போனாங்க, ஊழியக்காரங்க தங்குறதுக்கு. இருட்டிப்போச்சு. கக்கூஸுக்கு வெட்டின குழியை, வெட்டக்கூடாத இடத்துல வெட்டி வச்சிருக்கானுக. கால் உள்ள போயிருச்சு. எலும்பு முறிஞ்சு, கணுக்கால் பிசகி, அப்பப் படுத்தவங்கதான். 1951 ஜனவரி 18 வரைக்கும் பெரும்பாலும் அந்த ஒரு அறை, அந்த ஒரு கட்டில். இருபது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு.

காலையில ஜெபம், சாயங்காலம் குழி. நம்ம தெருவா இருந்தா அன்னிக்கே ரெண்டு கட்சி ஆயிருக்கும். ஒரு கட்சி செய்வினைன்னு சொல்லும். இன்னொரு கட்சி ஆண்டவரே குழியை வெட்டி வச்சாருன்னு சொல்லும். குழியை வெட்டினவன் கொத்தனாரு ஆளு, அதுவும் தப்பான இடத்துல. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா காலையில சொன்ன ஜெபத்தை அந்தம்மா வாபஸ் வாங்கல பாரு. படுத்த படுக்கையில எழுத ஆரம்பிச்சாங்க. சீக்காளிகளுக்குச் சீக்காளி எழுதின கடிதமா 1933ல ஒரு புத்தகம், அதுக்குப் பிறகும் வரிசையா. ஓடியாடித் திரிஞ்சப்பப் பேச முடியாத ஆளுங்ககிட்டக் கட்டிலோட கிடந்து பேசினாங்க. செத்த பிறகு கல்லு வைக்காதீங்கன்னு சொல்லிட்டாங்க. அவங்க வளத்த பிள்ளைகள் குருவி தண்ணி குடிக்க ஒரு தொட்டி வச்சிருக்கு.

இன்னொண்ணு சொல்றேன், உனக்குப் பிடிக்கும். நம்ம சிவகாசியில ஊழியம் செஞ்ச ராக்லண்ட் ஐயரைப் பத்தி இந்தம்மா ஒரு புத்தகமே எழுதியிருக்காங்க. அவரு சிவகாசியிலயே இறந்தது 1858 அக்டோபர் 22. இவங்க விழுந்தது அக்டோபர் 24. ரெண்டே நாள்ல தப்பிச்சுட்டோம் மாப்ளே. ஒரே தேதியா இருந்திருந்தா இந்நேரம் நீங்க அந்த நாளுக்கு ஒரு உபவாசக் கூட்டமே வச்சிருப்பீங்க.

சரி, இனி என் கதை. இதை உங்கத்தைக்குக்கூட ரொம்ப நாள் சொல்லல.

வாக்குத்தத்த அட்டை எப்படி வெட்டுறதுன்னு தெரியுமா? ஒரு பெரிய தாள்ல நாப்பது அட்டை, நாப்பதும் வேற வேற வசனம். ஐநூறு தாளை அடுக்கி வச்சு வெட்டினா நாப்பது அடுக்கு விழும். ஒரு அடுக்கு முழுக்க ஒரே வசனம். அப்புறம் பொம்பளையாளுக உக்காந்து ஒவ்வொரு அடுக்குலயும் ஒண்ணொண்ணா எடுத்துக் கலந்து கட்டுப் போடுவாங்க. ஒரு வருஷம் டிசம்பர் 31, எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சு. நம்ம கோயிலுக்கு அட்டை கொண்டுபோக வேண்டியது நான். அவசரத்துல ஒரு கட்டைத் தூக்கிப் பையில போட்டேன். கலக்காத கட்டு.

ராத்திரி பன்னெண்டு அடிச்சு, தட்டுல அட்டையை நீட்டுறாங்க. முதல்ல எடுத்த கிழவி படிச்சுட்டுக் கண்ணைத் துடைச்சுது. ரெண்டாவது ஆளு படிச்சுட்டு முதல் ஆளைப் பாத்தாரு. மூணாவது வரிசைக்கு வரும்போது குசுகுசுன்னு சத்தம். பிரசங்கத்துக்கு வந்திருந்தவரு மைக்கைப் பிடிச்சாரு, ஆண்டவர் இந்தச் சபைக்கு ஒரே வார்த்தை குடுத்திருக்காரு, எழுப்புதல் வந்துருச்சுன்னு. சபையே எந்திரிச்சு நிக்குது. நான் மட்டும் பின்பெஞ்சுல, மார்கழிப் பனியில, சட்டை நனைய வேர்த்துக்கிட்டு உக்காந்திருக்கேன்.

அதுலயும் எந்த வசனம் தெரியுமா? வசனம் பொறுக்கிக் குடுத்த உபதேசியாரு ஒரு தினுசான ஆளு. நாப்பதுல முப்பத்தொம்பது ஆசீர்வாதம், ஒண்ணு மட்டும் சாட்டை. பலிபீடத்துக்கிட்டக் காணிக்கையோட நிக்கிறப்ப உன் சகோதரனுக்கு உன் மேல குறை இருக்குன்னு ஞாபகம் வந்தா, காணிக்கையை அங்கயே வச்சுட்டுப் போய் ஒப்புரவாகுன்னு மலைப்பிரசங்கத்துல வரும் பாரு, அது. நானும் எங்கண்ணனும் ஆறு வருஷமாப் பேச்சுவார்த்தை இல்ல. ரெண்டு வீட்டுக் கொல்லைக்கும் நடுவுல இருக்கிற ஒன்றரை அடி சுவருதான் தகராறு. அவன் எனக்கு மூணு பெஞ்சு முன்னால. அட்டையைப் படிச்சான், திரும்பி என்னைப் பாத்தான்.

எனக்குச் சிரிப்பும் வருது, பயமும் வருது. இது தெய்வச் செயல் இல்ல, என் கைத்தப்புன்னு உலகத்துலயே எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும். ராத்திரி முழுக்கப் புரண்டு படுத்தேன். கட்டு மாறினது என் தப்பு, சரி. ஆறு வருஷம் பேசாம இருந்தது யாரு தப்பு? அதுக்கும் மிஷினைச் சொல்ல முடியுமா?

விடிஞ்சதும் புறப்பட்டு மேலத்தெரு வழியா அவன் வீட்டுக்குப் போனேன். மதினி சொன்னாங்க, அவரு உங்க வீட்டுக்குத்தானே போனாரு, கீழத்தெரு வழியான்னு. திரும்பி வந்தா எங்க திண்ணையில உக்காந்து காப்பி குடிச்சுக்கிட்டிருக்கான். நான் உண்மையைச் சொல்லிட்டேன், கட்டு மாறிப்போச்சுண்ணே, அற்புதம் ஒண்ணும் இல்லன்னு. பாக்கெட்டுல இருந்து அட்டையை எடுத்துக் காட்டினான். "ஓரம் கோணலா இருக்கு பாரு. படிச்சப்பவே தெரிஞ்சுது, நீ வெட்டினதுன்னு." தெரிஞ்சும் ஏன் வந்தன்னு கேட்டேன். "வசனம் கோணலா இல்லையே"ன்னான்.

அந்தச் சுவரு இன்னும் அங்கதான் இருக்கு. மேல ஒரு வரிசைச் செங்கல்லை எடுத்துட்டு, குழம்புக் கிண்ணம் வைக்கிற அளவுக்குத் தட்டையாப் பூசியிருக்கோம்.

இப்ப உன் வண்டிக்கு வா. உங்கப்பன் பேரை வச்சிருக்கிறவன் விக்கிறான்னு சொன்னியே, ஏன் விக்கிறான்னு கேட்டியா? கேக்கல. இருபதாயிரம் அடிச்சுப் பேசிக் குறைச்சேன்னு பெருமையாச் சொன்ன. பட்டாசு ஆர்டர் இல்லாம, மகளுக்கு ஃபீஸ் கட்ட வழியில்லாம விக்கிறானோ என்னமோ. உங்கப்பன் ஞாபகம் உனக்கு வந்ததுன்னா, முதல்ல போயி அதை விசாரி. உங்கப்பனா இருந்தா அந்த இருபதாயிரத்தை அடிச்சிருப்பானான்னும் யோசி. அப்படி யோசிச்சு வண்டியை வாங்கினா, 268ஆம் பாட்டை நானே நின்னு பாடுறேன்.

அதுக்கு முந்தி, நீ உள்ள வரும்போது பின்னால கருகருன்னு புகை போச்சே, அதுவும் ஒரு அடையாளம்தான்டா. அதை மட்டும் ஏன் பாக்கமாட்டேங்கிற? ஆர்.சி. புக்கை எடுத்துட்டு வா. எஃப்.சி. என்னைக்கு முடியுதுன்னு பாப்போம். என் கண்ணாடியையும் அந்த மாடத்துல இருந்து எடு.